மாதிரித் தையல்

'மாதிரி' என்னும் சொல் நம் பேச்சில் நாள்தோறும் வழங்குவது. 'அண்ணனை மாதிரி படி' என்று தாய் மகனுக்குச் சொல்லும்போது, அச்சொல் பின்பற்றவேண்டிய ஒன்றைச் சுட்டுகிறது. 'மாதிரிக்கு ஒரு பிடி அரிசி காட்டுங்கள்' என்று சந்தையில் ஒருவர் கேட்கும்போது, பார்த்தும் தொட்டும் அறிந்துகொள்வதற்குரிய ஒரு சிறு கூறைச் சுட்டுகிறது. முன்னது கட்டளையைச் சார்ந்தது. பின்னது சோதனையைச் சார்ந்தது. ஒரே சொல் இவ்விரண்டையும் தாங்கி நிற்பதை நான் நெடுங்காலம் கருதிப் பார்த்ததில்லை. கையகலத் துணித்துண்டு ஒன்றின் வரலாற்றைத் தேடப் புகுந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

தையல் பயின்ற பெண்கள் யாவரும் அத்துண்டை அறிவார்கள். சிறு சதுரமாக வெட்டிய துணியில் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், குறுக்குத் தையல், காஜா என்று ஒவ்வொன்றாகப் போட்டு, அட்டையில் ஒட்டி, ஆசிரியையிடம் கையொப்பம் பெறுவது வழக்கம். தேர்வு முடிந்ததும் அந்த அட்டை பரணுக்குப் போகும். பிறகு குப்பைக்குப் போகும். அரசர்களின் செப்பேட்டையும் கல்வெட்டையும் தேடித் திரியும் வரலாற்று மாணவர்கள் இத்துண்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நானும் முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன், நானும் பார்த்ததில்லை.

இதன் தொடக்கம் மிகப் பழையது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், நாஸ்கா மக்கள் வாழ்ந்த வறண்ட கடற்கரை நிலத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மாதிரித் தையல் துணிகள் கிடைத்திருக்கின்றன. எகிப்தில் மம்லூக்கு மன்னர்கள் ஆண்ட காலத்துத் துண்டுகள் புதைகுழிகளிலிருந்து வெளிப்பட்டுள்ளன. இவை ஆடைகள் அல்ல, போர்வைகளும் அல்ல. ஓர் உருவம் ஒரு மூலையில் இருக்கும். அதே உருவம் சிறிது மாறி அடுத்த மூலையில் இருக்கும். ஒன்று பாதியிலேயே நிற்கும். அச்சிட்ட புத்தகம் இல்லாத காலத்தில், கண்டு விரும்பிய ஒரு கோலத்தை மறவாதிருக்கவும், கைக்கு வருமா என்று பார்க்கவும் பெண்கள் வைத்திருந்த குறிப்பேடுகள் இவை என்று கொள்வதில் தவறில்லை. நம் வீட்டுப் பெண்கள் புள்ளிக் கோலங்களை ஒரு நோட்டில் போட்டு வைக்கிறார்கள் அல்லவா? அந்த நோட்டில் எத்தனை கோலம் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இங்கிலாந்தில் ஆண்டு குறிக்கப்பெற்ற மாதிரித் துணிகளுள் மிகப் பழையது ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598-இல் தைத்தது. லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் அது உள்ளது. ஆலிஸ் லீ என்னும் குழந்தையின் பிறப்பைக் குறிக்கும் வரிகள் அதில் தைக்கப்பட்டுள்ளன. விலங்குகளும் செடிகளும் உண்டு. அவற்றின் கீழே பலவகைப் பின்னல் கோலங்களும் உண்டு. ஆங்கிலத்தில் இத்துணிக்கு வழங்கும் சாம்ப்ளர் என்ற பெயர், எடுத்துக்காட்டு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் 'மாதிரி'க்கு அது தொலைதூர உறவினன் என்று சொல்லத் தோன்றுகிறது.

அச்சகம் பெருகிக் கோலப் புத்தகங்கள் மலிந்த பின், குறிப்பேடாக இருந்த துணி மெல்ல மெல்லப் பாடமாக மாறிற்று. முதிர்ந்த கைகளில் இருந்த அது சிறுமிகளின் கைக்கு இறங்கியது. அரிச்சுவடியும் எண்ணும் நீதிவாக்கியமும் அதில் ஏறின. தேடல் குறைந்தது, திருத்தம் மிகுந்தது. ஆயினும், அந்தக் கட்டுக்குள்ளிருந்தே ஒரு பெண் பேசிவிட்டாள். எலிசபெத் பார்க்கர் என்பது அவள் பெயர். சசெக்ஸ் மாவட்டத்தில் 1813-இல் பிறந்தவள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெள்ளைத் துணியில் சிவப்புப் பட்டு நூலால், சிறுசிறு குறுக்குத் தையலாக, தன் கதையை அவள் தைத்தாள். தனக்கு எழுதத் தெரியாது என்றுதான் அக்கதை தொடங்குகிறது. வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமையும், உயிரை விட்டுவிட எண்ணிய தவிப்பும் அதில் வரிசையாக வருகின்றன. தன் ஆன்மாவின் கதி என்ன என்று கேட்கும் இடத்தில் வரி பாதியில் நின்றுபோகிறது. கீழே வெறும் துணி கிடக்கிறது. நல்ல வேளையாக, அவள் வாழ்வு அங்கே நின்றுவிடவில்லை. பின்னாளில் ஆசிரியையாகி, முதுமை வரை வாழ்ந்தாள்.

நேயர்களே! இனி நம் மண்ணுக்கு வருவோம். சென்னை எழும்பூரிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். விடுதியில் அம்முறையைப் புகுத்தியதோடு, தேர்ந்த மாணவர்களைக் கொண்டே மற்ற மாணவர்களுக்குக் கற்பித்தார். சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இது புதிதன்று. 1797-இல் லண்டனில் வெளியிட்ட நூலில், இதைக் கல்வித்துறையில் தாம் செய்த ஒரு சோதனை என்றே அவர் தலைப்பிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. பெண்குழந்தைகளின் வகுப்பில் தையலும் அதே முறையில் படிப்படியாகப் பிரிக்கப்பட்டது: இந்த வகுப்புக்கு இந்தத் தையல், அடுத்த வகுப்புக்கு அடுத்த தையல். 1830-களில் பெல்லின் முறையைத் தழுவிய கழகம் வெளியிட்ட தையல் கையேடுகளில் உண்மையான துணித்துண்டுகளும், பொம்மைக்குப் போடும் அளவிலான சின்னஞ்சிறு சட்டைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. எழும்பூரில் சோதனையாகப் பிறந்தது, லண்டனில் மாற்றமுடியாத வரிசையாக இறுகிவிட்டது.

மேலிருந்து இறங்கும் மாதிரி எத்தகையது என்பதை வேலூர்க்காரருக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல் தம் நூலை வெளியிட்டு ஒன்பதாண்டுகள்தாம் கழிந்திருந்தன. சென்னைப் படையின் சிப்பாய்களுக்கென்று புதிய தலைப்பாகை ஒன்றை அதிகாரிகள் வகுத்தார்கள். அதில் தோலாலான ஒரு குஞ்சம் இருந்தது. சிப்பாய்களின் சமய உணர்வை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1806 மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அதை அணிய மறுத்தனர். மறுத்தவருள் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. காரணங்கள் வேறும் பல உண்டு. ஆயினும் தையல் வேலையால் ஆன ஒரு மாதிரி, மறுபேச்சின்றி ஏற்கப்படவேண்டும் என்று திணிக்கப்பட்டதும் அவற்றுள் ஒன்று.

மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியருள் மனைவியாகிய மார்த்தா, அங்குள்ள பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். லேஸ் என்று நாம் சொல்வது அதுதான். அந்த வருவாயைக் கொண்டு அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் தம்மை மீட்டுக்கொண்டனர் என்பது மறக்கத்தக்கதன்று. நம் வட ஆற்காட்டுப் பகுதியில் 1853-இல் அமெரிக்க ஆற்காட்டு மிஷன் தோன்றியது. மிஷன் பள்ளிகள் வழியாகவும் பின்னர் அரசுப் பள்ளிகள் வழியாகவும், அட்டையில் ஒட்டிய தையல் சதுரம் நம் ஊர்களில் நிலைபெற்றது. திண்ணையிலிருந்து போன முறை, கப்பலேறித் திரும்பி வந்தபோது நமக்கே அடையாளம் தெரியவில்லை.

இந்த இறுக்கத்தை எதிர்த்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த ஆன் மக்பெத்தும், மார்கரெட் ஸ்வான்சன் என்ற ஆசிரியையும் 1911-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆறு வயதுக் குழந்தையிடம் வெள்ளைத் துணியையும் வெள்ளை நூலையும் கொடுத்துக் கண்ணுக்குத் தெரியாத தையலைக் கேட்பது கொடுமை என்பது அவர்கள் கட்சி. முரட்டுத் துணி, தடித்த ஊசி, துணியின் நிறத்துக்கு எடுப்பான வண்ண நூல், பெரிய பெரிய தையல் இவற்றோடு குழந்தை தொடங்கட்டும். கோலத்தையும் அதுவே ஆக்கிக்கொள்ளட்டும் என்றார்கள். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் குழந்தை உளவியலை வரிவரியாகச் சொல்லித்தந்தார்கள். நானும் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெற்றேன். பெற்றேனே தவிர, தையல் வகுப்பின் வாசலில் அதை நினைத்தேனா என்பது வேறு.

1999-இல், ஆம்பூருக்கு அருகே ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியர் பொறுப்பில் இருந்தேன். அங்கே பாலாற்றங்கரை ஊர்களில் தோலோடு உறவில்லாத குடும்பம் அரிது. ஆவாரம்பட்டை ஊறவைத்துத் தோல் பதனிட்ட தொழில் அது. 1970-களின் தொடக்கத்தில் நடுவண் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிய பிறகு, முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிலாக அது வளர்ந்தது. காலணியின் மேற்பகுதியை 'அப்பர்' என்பார்கள். அதைத் தைக்கும் வேலைக்குப் பெண்கள் பெருந்தொகையாகச் சென்றனர். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, தையல் அட்டைகளில் துணிக்குப் பதிலாகத் தோல் துண்டுகளை ஒட்டிக் கொண்டுவந்தாள். ஆட்டுத்தோல் ஒன்று, மாட்டுத்தோல் ஒன்று, உட்புறம் வைக்கும் மெல்லிய தோல் ஒன்று. மூன்றிலும் அதே எட்டுத் தையல்கள். இரண்டிடத்தில் தோல் கிழிந்திருந்தது. கிழிந்ததையும் அப்படியே ஒட்டி, பக்கத்தில் ஊசித் துளைகளின் இடைவெளியைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

தையல் ஆசிரியை அதை என்னிடம் கொண்டுவந்து, "ஐயா, பாடத்திட்டத்தில் துணி என்றுதான் இருக்கிறது" என்றார். விதி விதிதான் என்றேன். மதிப்பெண் பதிவேட்டில் சுழியம் இட்டு, சிவப்பு மையால் சுருக்கொப்பமும் வைத்தேன். அந்தப் பெண் எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஏன் தோலில் தைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பின், ஜவ்வாது மலைக்குத் தெற்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் பற்றி அறிந்தேன். தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது அது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையர் 1993-இல் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கினர். அவ்வூர் லம்பாடிப் பெண்கள் தங்கள் பூத்தையலைத் தைக்காமல் விட்டுத் தலைமுறைகள் ஆகியிருந்தன. 2006-ஐ ஒட்டி அதை மீட்கும் முயற்சி எழுந்தது. அச்சிட்ட நூல் எதுவும் கைகொடுக்கவில்லை. முதியவர் சிலரின் நினைவும், பெட்டிக்குள் கிடந்த பழைய துணிகளுமே அவர்களுக்கு ஏடுகள். பழந்துணியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பார்த்து, சிறு துண்டில் தைத்து, பிரித்து, மறுபடி தைத்து அக்கலை கைக்குத் திரும்பியது. அங்கே தோன்றிய அமைப்புக்குப் 'போர்கை' என்று பெயரிட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். பழைய துணிகள் மட்டும் எரிந்தோ மக்கியோ போயிருந்தால், அந்த முதியவர்களுக்குப் பிறகு கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

இதைப் படித்த நாள் முதல், அந்தத் தோல் அட்டை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. விசாரித்தேன். இன்று அவர் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிலகத்தில், புதிய வடிவங்களை முதலில் தைத்துப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். நாற்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவி. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தோலில் தைப்பது எப்படி என்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்கவேண்டியதை அப்போது கேட்டேன்.

"துணியில் ஊசி இழைக்கும் இழைக்கும் நடுவே போகும் ஐயா, பிரித்தால் துளை தெரியாது. தோலில் இழை ஏது? ஊசி போன இடம் ஓட்டைதான். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பார்கள். அஞ்சல் தலைத் தாளைப் போல வரிசையாகக் கிழிந்துவிடும். எந்தத் தோலுக்கு எவ்வளவு இடைவெளி என்று பிட்டுத் துண்டில் தைத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

ஒன்பதாம் வகுப்பில் அவர் அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது அதுவே. அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுவா ஐயா? அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆற்று மணலில் எறிந்துவிட்டேனே" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு அப்பள்ளிக்கு ஒரு விழாவுக்காகப் போயிருந்தேன். அலுவலக அலமாரியைத் திறந்து காட்டினார்கள். 1999-ஆம் ஆண்டு மதிப்பெண் பதிவேடு பழுதின்றி இருக்கிறது. சிவப்பு மைகூட மங்கவில்லை.