கொழும்புக்கு ஒரு நாள் பயணம்: பிள்ளைகளுக்கு எதைக் காட்டுகிறோம்?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் மாத்தளையில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "கொழும்புக்குப் போவோமா?" ஒரு வேன் பிடிக்கிறோம். சுபஹ் தொழுத கையோடு புறப்படுகிறோம். தாமரைக் கோபுரத்தைப் பார்க்கிறோம், காலிமுகத்திடலில் நிற்கிறோம், புறக்கோட்டையில் உடுப்பு எடுக்கிறோம், இரவில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் மடியில் தூங்க வீடு வந்து சேர்கிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இம்முறை நாங்களும் அப்படித்தான் போய் வந்தோம். ஆனால் போகுமுன் பிள்ளைகளோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். பார்க்கிற ஒவ்வொரு இடத்திலும் "இதைக் கட்டியது யார்?", சாப்பிடுகிற ஒவ்வொன்றிலும் "இதைக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பாதையைப் பற்றி. மாத்தளையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். இன்று நான்கு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கண்டி இராச்சியக் காலத்தில் வண்டிப் பாதை கிடையாது. மாடுகளின் முதுகில் பொதியேற்றி வரிசையாக நடத்திச் செல்லும் தவளம்தான் போக்குவரத்து. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. மலைநாட்டுப் பாக்கும் மிளகும் கீழே போயின. இந்தத் தவளத் தொழிலில் பெரும் பங்கு முஸ்லிம்களுடையது. அரசனுக்கான பொதி மாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த 'மடிகே பத்த' என்ற பிரிவிலும் நம்மவர்களே பெருவாரியாக இருந்தார்கள். கொழும்பும் மலைநாடும் பகைத்துக்கொண்டிருந்த காலத்திலும் இரு பக்கத்து அடுப்பையும் எரிய வைத்தது இந்த மாடுகளின் நடைதான்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைப் பிடித்தபின் 1820களில் கொழும்பு–கண்டிப் பாதையை வெட்டினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் நிற்கும் உயரமான வெள்ளைத் தூபி, அந்தப் பாதையை அமைத்த கெப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. வேனை ஐந்து நிமிடம் நிறுத்தி அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பிறகு புகையிரதம் வந்தது. 1867இல் கண்டிக்கும் 1880இல் நமது மாத்தளைக்கும் வந்து சேர்ந்தது. மலைநாட்டுக்குத் தண்டவாளம் போட்டதே கோப்பிக்காகத்தான். ஆனால் 1869இல் தென்பட்ட இலைநோய் தோட்டம் தோட்டமாகப் பரவி, ரயில் மாத்தளையைத் தொட்ட நேரத்தில் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. கோப்பிக்காக வந்த ரயிலில் பின்னர் தேயிலையும் கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் ஏறின. அவற்றோடு நமது பாட்டன்மாரும் ஏறினார்கள்.

இனி புறக்கோட்டை. நம்மில் பலருக்குப் புறக்கோட்டை என்றால் மொத்த விலைக் கடைகள்தான். தலைநோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் உடுப்பெடுக்கும் இடம். ஆனால் இந்தத் தெருக்களில் வீடோ நிலமோ வாங்க நமது முன்னோருக்கு ஒரு காலத்தில் உரிமை இருக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

கதை பழையது. 1344இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குப் போய்விட்டு, 'கலன்பு' என்ற நகரத்தையும் பார்த்து, இத்தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதிவைத்தார். போர்த்துக்கேயர் 1505இல் வந்தபோது இங்கே முஸ்லிம் வணிகர்கள் நிலைபெற்றிருந்தார்கள். வியாபாரப் போட்டியும் மதப் பகையும் சேர்ந்து, 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் கண்டியின் பௌத்த அரசர் செனரத். ஆயிரக்கணக்கானோரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். மலைநாட்டிலும் நம்மவர்களுக்கு இடம் கிடைத்தது. அடுத்து வந்த ஒல்லாந்தர், கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் சொத்து வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அந்தத் தடையை ஆங்கில ஆட்சி 1832இல்தான் நீக்கியது.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று சிவப்புப் பள்ளியை நிமிர்ந்து பாருங்கள். ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். மூத்தவர்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகளின் முயற்சியால் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. அவர் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய இந்தோ–சரசெனிக் பாணிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து, சிவப்பும் வெள்ளையுமாக, மாதுளம்பழ வடிவக் குவிமாடங்களோடு இதைக் கற்பனை செய்தார். கப்பலில் வந்த மாலுமிகள் கொழும்பை அடையாளம் கண்டதே இந்தப் பள்ளியைப் பார்த்துத்தான் என்பார்கள். சொத்து வாங்கக் கூடாது என்றிருந்த இடத்தில், தடை நீங்கி 77 வருடத்தில், கடலிலிருந்து பார்த்தாலே தெரிகிற ஒரு பள்ளிவாசல்! இன்று உலகின் பல நாட்டவர்கள் வந்து படமெடுத்துப் போகிறார்கள். நாம் மட்டும் பைகளைச் சுமந்துகொண்டு அதைக் கடந்து போகிறோம்.

பக்கத்திலேயே பிரதான வீதி தொடங்கும் இடத்தில் கான் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 'கான்' என்ற பெயரைப் பார்த்ததும் "இதுவும் நம்மாள் கட்டியதுதானே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை. பம்பாயிலிருந்து வந்த பார்சி குடும்பம் ஒன்று தமது தந்தையின் நினைவாக 1923இல் கட்டியது. கண்டதையெல்லாம் 'நம்முடையது' என்பதும் வரலாறு ஆகாது. பிறர் செய்ததைப் பிறர் பெயரில் சொல்லப் பழகினால்தான், நாம் செய்ததை நாம் சொல்லும்போது அதற்கு மதிப்பிருக்கும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். வேனை மெதுவாகப் போகச் சொன்னோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, வணக்கத்துக்கு வந்திருந்தவர்கள் இங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். அன்று நாட்டின் பல இடங்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பின்னான மாதங்களை நாம் மறக்கவில்லை. அபாயா உடுத்துக் கொழும்பு பஸ்ஸில் ஏறத் தயங்கிய தாய்மார், "பாதையில் சத்தமாகப் பேசாதீங்க" என்று பிள்ளைகளை அடக்கிக் கூட்டிப்போன வாப்பாமார் நம்மூரிலும் இருந்தார்கள். அன்று சிறு குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். "நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம்?" என்ற கேள்வியை இணையத்தில் யாரோ ஏளனமாகக் கேட்க, பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து நம்மிடம் கேட்கிறார்கள். கோபப்பட்டுப் பதில் சொல்வதால் பயனில்லை. அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். நடந்த அநியாயத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கவும், நமது முன்னோரின் உழைப்புக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கவும் ஒரே பயணத்தில் கற்றுக்கொடுக்க முடியும்.

அதற்கு ஏற்ற இடம் கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலை. 1877 ஜனவரி 1ஆம் திகதி, ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்டது. வரைபடம் கீறியவர் ஸ்மிதர் என்ற ஆங்கிலேயர். கல்லும் சுண்ணாம்புமாக அதை எழுப்பிய கட்டட ஒப்பந்தக்காரர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பின் வேறு பல பெரிய கட்டடங்களும் அவர் கையால் எழுந்தவை. புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்தையும் அவர் கட்டியதாகச் சொல்வார்கள். நூதனசாலை திறந்த வேளையில், "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள், அது போதும்" என்று அவர் கேட்டதாகவும், அவ்வாறே நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டதாகவும் நம்மவரிடையே வழிவழியாக ஒரு கதை உண்டு.

வாப்பிச்சி மரைக்கார் கட்டடத்தோடு நிற்கவில்லை. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒராபி பாஷாவும் தூண்ட, 1892இல் மருதானையில் ஒரு பாடசாலை தொடங்க முன்னின்றார். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. நமது மாத்தளையிலும் ஒரு ஸாஹிரா இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைத் தினமும் கடக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்?

நூதனசாலைக்குள் போனால் கண்டி அரசரின் சிம்மாசனத்தை எல்லோரும் பார்ப்பார்கள். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. செங் ஹே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் இஸ்லாத்துக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. 1911இல் கண்டெடுத்தபோது அந்தக் கல் ஒரு மதகின் மேல் மூடியாகக் குப்புறக் கிடந்தது. அறுநூறு வருடங்களுக்கு முன் இத்தீவுக்கு வந்தவனுக்கு, இங்கே மூன்று சமூகத்துக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்தக் கல்லைக் குப்புறப் போட்டு அதன்மேல் நடந்தது நாம்தான். பிள்ளைகள் அந்தக் கல்லின் முன் அதிக நேரம் நின்றார்கள். தமிழ் எழுத்தில் ஒன்றிரண்டையாவது வாசிக்க முயன்றார்கள்.

அஸருக்குப் பின் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமாக இதைப் பேணுமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்துவிட்டுப் போனார். அன்று அவர் மனதில் இருந்தது வெள்ளைக்காரக் குடும்பங்களாக இருக்கலாம். இன்று பட்டம் விடுவதும் கடல் அலையில் கால் நனைப்பதும் எல்லா இனத்துப் பிள்ளைகளும்தான். இறால் வடைக் கடையின் முன் யாரும் யாரையும் இனம் கேட்பதில்லை. வரிசை மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புதுக்கடை. சிங்களத்தில் அளுத்கடே. பகலில் நீதிமன்றமும் சட்டத்தரணிகளுமாக இருக்கும் பகுதி, மஃரிபுக்குப் பின் கொத்து ரொட்டித் தகட்டின் சத்தத்துக்கு மாறிவிடும். நோன்பு காலத்தில் அங்கே நடக்கக்கூட இடமிருக்காது. மேசையில் வந்த ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். பலூடா பாரசீகத்தில் பிறந்து இந்தியா வழியாக வந்தது. புரியாணிக்கும் அதே வழிதான். வட்டலப்பத்தை ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாப் பக்கமிருந்து வந்த மலாய் மக்களோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர்களின் பழைய குடியிருப்புத்தான் கொம்பனித்தெரு. லம்பிரைஸ் பறங்கியரின் வீட்டுச் சாப்பாடு. வாழையிலையில் பொதிந்து வேகவைத்த சோறு. பழைய முறையில் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள் என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் வட்டலப்பக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னோம். இதில் மணப்பது ஏலம், சாதிக்காய். ஏலம் நக்கிள்ஸ் மலைச் சாரலில் விளைவது. சாதிக்காய் நமது மாத்தளைத் தோட்டங்களில் காய்ப்பது. அன்று தவளத்தில் இறங்கிய அதே பொருள் இன்று லொறியில் இறங்கி, கொழும்பில் இனிப்பாகி, 140 கிலோமீற்றர் பயணம் செய்து வந்த நமக்கே பரிமாறப்படுகிறது. கொழும்புக்கு நாம் விருந்தாளிகள் இல்லை. அந்த நகரத்தின் கல்லிலும் சோற்றிலும் நமக்கும் பங்குண்டு. பார்சிக்கும் பறங்கியருக்கும் மலாயருக்கும் சிங்களவருக்கும் தமிழருக்கும் உள்ளது போலவே.

அடுத்த விடுமுறையில் போகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்:

காலையிலேயே புறக்கோட்டைக்குப் போங்கள். கடைகள் நெரிசலாகுமுன் சிவப்புப் பள்ளியை ஆறுதலாகப் பார்க்கலாம். பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். ஒழுக்கமான உடையில் செல்லுங்கள்.

நூதனசாலைக்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். எந்த நாட்களில் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

350 மீற்றருக்கும் உயரமான தாமரைக் கோபுரத்தில் ஏறுவதென்றால் கடைசியாக ஏறுங்கள். பகலில் நடந்து பார்த்த இடங்களைப் பிள்ளைகள் மேலிருந்து தாமே கண்டுபிடிப்பார்கள்.

பிள்ளைகளின் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். போனில் எடுத்த படம் போனோடு போய்விடும். எழுதியது நிற்கும்.

இன்னொரு வேண்டுகோள். நம்மூர் மூத்தவர்களில், அந்தக் காலத்தில் மிளகும் பாக்கும் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்ற குடும்பத்தார் இன்னும் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், யார் கடன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். கீழே கருத்தில் எழுதினாலும் நல்லது. சேர்த்து வைத்து, இன்ஷா அல்லாஹ், நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடாகக் கொடுப்போம்.