இஞ்சி மஞ்சள் ஷாட்: அதுக்குப் பின்னாடி இருக்கற கதை

சென்னை, பெங்களூர்ல இருக்கற வாசகர்கள் சில பேர், "இஞ்சி மஞ்சள் ஹெல்த் ஷாட் வீட்டுலயே எப்படிப் பண்றது?"ன்னு கேட்டிருந்தாங்க. சின்ன பாட்டில்ல அடைச்சு விக்கறாங்களாம். செய்முறை அஞ்சு வரிதான், கடைசியில சொல்றேன். மஞ்சள் போடறவன்ங்கறதால அதோட வரலாற்றை முதல்ல சொல்லிடறேன்.

பொங்கப் பானை கழுத்துல மஞ்சக் கொத்தும் இஞ்சிக் கொத்தும் சேர்த்துக் கட்டறோம் இல்லையா, ரெண்டும் ஒரே குடும்பத்துச் செடிங்க. இஞ்சிக்கு கிரேக்க மொழியில 'ஸிங்கிபெரிஸ்', பாலி மொழியில 'சிங்கிவேர'. இந்தப் பேருக்குள்ள நம்ம 'இஞ்சி வேர்' ஒளிஞ்சிருக்குன்னு மொழி ஆராய்ச்சியாளர்கள் பல பேர் சொல்றாங்க. ரோம் நாட்டு பிளினி கி.பி. 77 வாக்கில் எழுதின புத்தகத்தில், ஒரு ராத்தல் இஞ்சி 6 தினாரியஸ், கருமிளகு 4 தினாரியஸ் என்று விலை குறிச்சு வெச்சிருக்கார். மிளகை விட இஞ்சிக்கு விலை அதிகம். ஆனா இஞ்சி அரேபியாப் பக்கம் விளையுதுன்னுதான் அவர் எழுதியிருக்கார். வாங்கறவனுக்கு விளைஞ்ச இடம் தெரியாம போறது ரெண்டாயிரம் வருசத்துப் பழக்கம் போல.

எங்க ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு உயிர் தண்ணி. 13-ம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆத்துல அணை கட்டி வெட்டின வாய்க்கால், 1283-ல் முடிஞ்சதாச் சொல்றாங்க. 56 மைல் வளைஞ்சு வளைஞ்சு போகும். இன்னிக்கும் அந்தப் பாசனத்துல மஞ்சள் விளையுது. வைகாசி, ஆனியில நட்டா தை, மாசியில தோண்டணும். அப்புறம் வேகவெச்சு, காயவெச்சு, பாலீஷ் போட்டு, விரலி தனி, கிழங்கு தனின்னு பிரிச்சாத்தான் மண்டிக்குப் போகும்.

1815-ல் ஃபோகல், பெல்லெத்தியேங்கற ரெண்டு பேர் மஞ்சள்ல இருந்து நிறப்பொருளைப் பிரிச்சாங்க. அதுக்குக் குர்குமின்னு பேராச்சு. காய்ஞ்ச மஞ்சள்ல இது சுமார் 3 சதவீதம்தான் இருக்கும்.

பெரிய சண்டை 1995-ல் வந்துச்சு. புண்ணை ஆத்த மஞ்சளைப் பயன்படுத்தறதுக்கு அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை குடுத்துட்டாங்க. நம்ம வீட்டுல காயம்பட்ட உடனே மஞ்சள் வெக்கறோமே, அதேதான்! அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் (சி.எஸ்.ஐ.ஆர்.) அதை எதிர்த்து மனுப் போட்டுச்சு. அப்ப தலைவர் மஷேல்கர். "எங்க பாட்டி காலத்துல இருந்து தெரியும்"னு சொன்னா செல்லாது, எழுத்துல காட்டணும். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழ்ல வந்த கட்டுரைன்னு 32 சான்றுகளைக் காட்டினாங்க. 1997-ல் காப்புரிமை ரத்தாச்சு. இந்த மாதிரி மறுபடி நடக்கக்கூடாதுன்னுதான் 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினாங்க. ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைச்சுது.

ஜெயிச்சாச்சு, சந்தோசம். ஆனா அந்த அறிவைக் காப்பாத்தின மாதிரி விளைவிக்கறவனைக் காப்பாத்த ஆளில்லைங்க. 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டின மஞ்சள், ரெண்டு வருசத்துல 4,000 பக்கம் வந்து நின்னுச்சு. தோண்டற கூலி, வேகவெக்கற கூலி மட்டும் ஏறிட்டேதான் போச்சு. நீங்க ஒரு வாய் ஷாட்டுக்குக் குடுக்கற காசையும் கிலோ மஞ்சளுக்கு எங்க கையில வர்ற காசையும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுப் பாருங்க.

இப்ப செய்முறை. கட்டைவிரல் நீள இஞ்சியைத் தோல் சீவி, கொஞ்சம் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, பத்து நிமிசம் அசையாம வெச்சிருங்க. அடியில வெள்ளையா மண்டி படியும். பெரியவங்க அதை நஞ்சுன்னு ஒதுக்குவாங்க. அது மாவுச்சத்துதான், ஆனாலும் தெளிஞ்ச சாறு குடிக்க நல்லாயிருக்கும். அதுல கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ரெண்டு சிட்டிகை மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, தேன். சுடுதண்ணி கலந்து ரெண்டு பேர் குடிக்கலாம்.

மிளகை விட்டுடாதீங்க. குர்குமின் தனியாப் போனா உடம்புல அதிகம் சேராது. 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்கற பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் குடுத்துப் பார்த்தப்ப, ரத்தத்துல சேர்ற அளவு 20 மடங்கு கூடினதாக் கண்டாங்க. மஞ்சப்பால்ல மிளகு தட்டிப் போட்ட கிழவிங்க இதை எந்த இதழ்லயும் எழுதலை.

இதைக் குடிச்சா சர்க்கரை போயிடும், புற்றுநோய் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, பித்தப்பைக் கல் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம குடிக்க வேண்டாம்.

தூளுக்குப் பதிலா விரலி மஞ்சளா வாங்கி மெஷின்ல குடுத்து அரைச்சுக்குங்க. கலப்படப் பயம் குறையும். முடிஞ்சா மாசியில எங்க பக்கம் வந்து வாங்கிட்டுப் போங்க, வேகற மஞ்சள் வாசத்தையும் பார்த்த மாதிரி இருக்கும்.