சவுதார் குளம் முதல் வேங்கைவயல் தொட்டி வரை

பொதுக் குடிநீர் என்கிறோம். அதில் வரும் ‘பொது’வுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நூறாண்டுகளாக நாம் அரசிடமும் ஊரிடமும் கேட்டுவரும் கேள்வி இது. அணைகளையும் குழாய்களையும் திட்டங்களையும் வைத்துக் குடிநீரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதாரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தார். அதையொட்டி 1924இல் மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அதே ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நமக்குள்ள உரிமையைத் தீர்மானமாக நிறைவேற்ற வைத்தார். தீர்மானங்கள் வந்தன, தண்ணீர் வரவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று நீர் அருந்தினர். பிற மதத்தாரும் கால்நடைகளும் குடித்துவந்த குளம் அது. நம்மவர் குடித்ததும் அடித்தார்கள். பிறகு 108 மண்குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். குடிக்கும் நீரில் சாணத்தைக் கலப்பதைச் சுத்தம் என்று சொன்ன மனநிலைக்கும் மக்கள் நலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாகவே எழுதியது. இப்படியும் செய்வார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றனர். தண்ணீரைச் சந்தேகித்து மக்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கலந்திருந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் அதே ஊராட்சியில் இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் கண்டனர். இரண்டாண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது, குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இந்த அளவுகள் நமக்கும் வேண்டும். ஆனால் கிருமியைக் கண்டுபிடிக்கும் சோதனை, அந்தத் தொட்டி ஏன் தனியாக நிற்கிறது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்ல வரலாறு வேண்டும். 1920களிலேயே சென்னை அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்குத் தனிக் கிணறு வெட்டியது. பொதுக் கிணற்றில் நம்மை விடாதவர்கள்மீது சட்டத்தை ஏவுவதைவிட அது எளிதாக இருந்தது. பின்னாளில் தனிக் கிணறு தனித் தொட்டியானது. ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி என்றால், அதைக் கெடுக்க நினைப்பவனும் அந்த நீரைத்தான் குடிக்க வேண்டும். தனித் தொட்டியில் அந்தத் தடை இல்லை.

ஆகவே நம் கோரிக்கை குழாயோடு நிற்கக் கூடாது. தொட்டிக்குப் பூட்டும் கண்காணிப்பும் வேண்டும். நீர்ச் சோதனை முடிவைக் கிராம சபையில் படிக்க வேண்டும். தொட்டி இயக்கும் வேலையில் நம்மவரும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஊராட்சியில் ஊருக்கும் காலனிக்கும் ஒரே நீர் வழங்கல் வேண்டும். மாணவத் தோழர்கள் தத்தம் ஊரில் எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்குக் குழாய் போகிறது என்று வரைந்து பாருங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த வரைபடத்தோடு போவோம்.