கல்லாகும் படலம், காத்திருக்கும் படலம்

உடலுக்குள் வைத்த கருவியில் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டி, தாமே சுரந்த பசைக்குள் வாழ்வதை உயிர்ப்படலம் என்கிறோம். 1982இல் காஸ்டர்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் நோய் தொற்றிய பேஸ்மேக்கர் கம்பியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டதும் அதைத்தான். ஆனால் சிறுநீர்க் குழாயில் (கதீட்டரில்) படிவதும் செயற்கை மூட்டில் படிவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மாதிரி வைத்தியம் பார்த்தால் நோயாளிதான் அவதிப்படுவார்.

சிறுநீர்க் குழாயில் பெருந்தொல்லை தருவது பிரோட்டியஸ் மிராபிலிஸ். இதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீரின் காரத்தன்மை ஏறும். மக்னீசியம், கால்சியம் பாஸ்பேட்டுகள் படிகமாகிப் பசையில் சிக்கும். போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படிவதுபோல உட்துளை அடைபடும். சிறுநீர் பக்கவாட்டில் கசியும், அல்லது தேங்கிச் சிறுநீரகம்வரை தொற்றைக் கொண்டுபோகும். சிலிகோன் குழாயும் இதற்குத் தப்புவதில்லை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும்.

மூட்டில் அடிக்கடி காணப்படுவது நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். அறுவையின்போது நுழைந்து, உலோகத்தின்மேல் படிந்த ரத்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். பிறகு சர்க்கரைச் சங்கிலிகளால் பசை செய்யும். கல் இல்லை, பல நேரம் காய்ச்சலும் இல்லை. மாதங்கள் கழித்து மந்தமான வலி. மூட்டு தளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். படலத்தின் ஆழத்தில் பல செல்கள் பெருகாமல் கிடப்பதால், பெருகும் செல்லைத் தாக்கும் மருந்துகள் பலிப்பதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அங்கே வேலை செய்கிறது. ஆனால் தனியாகக் கொடுத்தால் பாக்டீரியா விரைவில் அதற்குப் பழகிவிடும், துணைமருந்து கட்டாயம்.

இரண்டில் கொடியது மூட்டுப் படலம் என்பேன். குழாயை உருவிவிடலாம். மூட்டை, தொற்றிய சில வாரங்களுக்குள் கண்டால் திறந்து கழுவிக் காப்பாற்ற வழியுண்டு. தாமதித்தால் பெரும்பாலும் கழற்றியாக வேண்டும். எளிதில் தவிர்க்கக்கூடியதோ குழாய்ப் படலம். அதைத் தவிர்க்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். குழாய் இருப்பவருக்குக் காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதபோது, சிறுநீரில் பாக்டீரியா தெரிந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பது, கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர, பயனற்றது.

மாற்று மூட்டில் வலி வந்தால் ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்; பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகும். உங்கள் வீட்டு நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், ‘இது இன்றும் தேவையா?’ என்று தினமும் டாக்டரிடம் கேளுங்கள்.