எம்.எஸ்.யூ-1 இசை ஒட்டு

எம்.எஸ்.யூ-1 இசை ஒட்டு என்பது, சூப்பர் நிண்டெண்டோ என்னும் வீடியோ விளையாட்டு யந்திரத்துக்காக 1990-களில் வெளிவந்த விளையாட்டுகளின் பின்னணி இசைக்குப் பதிலாக, அந்த யந்திரம் தன் சொந்த ஆற்றலால் எழுப்ப இயலாத நீண்ட ஒலிப்பதிவுகளை ஒலிக்கச் செய்யும் பொருட்டு, ரசிகர்கள் எழுதி இலவசமாக வழங்கும் சிறிய நிரல்திருத்தமாகும். கணினியாளர் ‘பேட்ச்’ என்று வழங்குவதையே இங்கே ஒட்டு என்கிறோம்; கிழிந்த வேட்டியில் தைக்கும் ஒட்டைவிட மாமரத்தில் கட்டும் ஒட்டுக்கு இது நெருங்கியது. வேரும் அடிமரமும் பழையன. கனி மட்டும் வேறு.

இத்தகைய திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, மூல யந்திரத்தின் வறுமையை அறிதல் வேண்டும். 1990 நவம்பர் 21-இல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்த அதன் ஒலிப்பகுதியை வகுத்தவர், பின்னாளில் பிளேஸ்டேஷனின் தந்தை என்று புகழ்பெற்ற சோனி நிறுவனப் பொறியியலாளர் கென் குத்தராகி. வாத்தியங்களின் சிறுசிறு மாதிரிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அவற்றை வேண்டிய சுருதிக்கு ஏற்றியும் இறக்கியும், ஒரே சமயத்தில் எட்டுக் குரல்களாக இசைக்கவல்ல அந்தச் சாதனம் தன் காலத்துக்கு அற்புதமானதே. ஆயினும் அதற்கு வாய்த்த நினைவகம் 64 கிலோபைட்தான். குறுந்தகட்டின் தரத்தில் பதிந்த ஒலியை அப்படியே அதில் இட்டால் அரை வினாடிகூடக் கொள்ளாது. மாதிரிகளைச் சுருக்கிவைக்கும் உபாயம் ஒன்று இருந்தது. பதினாறு ஒலிக்கூறுகளை ஒன்பது பைட்டுகளில் அடக்கும் அந்த முறையிலும், முழு வேகத்தில் ஒலித்தால் நான்கு வினாடிக்குக் குறைந்த சரக்கே தேறும். இசையை நடத்தும் நிரலும், ஸ்வரக் குறிப்பும், விளையாட்டின் வெடிச்சத்தமும் காலடிச் சத்தமும் அதே இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். எதிரொலி வேண்டுமென்றால் ஒவ்வொரு 16 மில்லிவினாடித் தாமதத்துக்கும் 2 கிலோபைட் வீதம் விலை கொடுக்க வேண்டும். 240 மில்லிவினாடி என்னும் உச்ச அளவைக் கேட்டவர் 30 கிலோபைட்டை, ஏறக்குறையப் பாதி வீட்டை, எதிரொலிக்கே எழுதிக்கொடுத்தவராவார். கோஜி கோண்டோ, நொபுவோ உவேமாட்சு முதலிய இசையமைப்பாளர்கள் இந்தச் சிறு குடிலுக்குள் இருந்துகொண்டே வாத்திய கோஷ்டியை நினைவூட்டினார்கள்.

குறுந்தகடு இந்தக் குறையைத் தீர்த்திருக்கக்கூடும். 1988 டிசம்பரிலேயே ஜப்பானில் பி.சி. எஞ்சின் என்ற போட்டி யந்திரத்துக்குக் குறுந்தகட்டுப் பெட்டி வந்துவிட்டது. 1991-இல் சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் யந்திரத்துக்கான மெகா-சி.டி. பெட்டியை வெளியிட்டது. சூப்பர் நிண்டெண்டோவுக்கும் சோனியின் கூட்டுறவோடு அத்தகைய பெட்டி ஒன்று உருவாகி, 1991-இல் அறிவிக்கப்பட்டு, வணிகப் பிணக்கால் கருவிலேயே கலைந்தது. அதன் மாதிரி யந்திரம் ஒன்று 2020-இல் ஏலத்தில் 3,60,000 டாலருக்கு விலைபோயிற்று.

நிகழாமற்போன அந்தச் சரித்திரத்தைக் கற்பனையால் நிகழ்த்திப் பார்த்ததன் பயனே எம்.எஸ்.யூ-1. பழைய யந்திரத்தின் ஒவ்வொரு துடிப்பையும் கணினியில் பிசகின்றிப் பிரதிபலிக்க முயன்ற ‘பி-ஸ்னெஸ்’ என்ற எமுலேட்டரை எழுதியவரும், நியர் என்னும் புனைபெயரால் அறியப்பட்டவருமான நிரலாளர், 2010-ஆம் ஆண்டையொட்டி இதனை வகுத்தார். எக்காலத்திலும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத இந்த உபகரணம், யந்திரத்தின் முகவரிகளில் பதினறும எண்முறைப்படி 2000 முதல் 2007 வரையுள்ள எட்டே எட்டு இடங்களில் அமர்ந்துகொண்டு, 4 ஜிகாபைட் வரையிலான தரவையும், வினாடிக்கு 44,100 கூறுகள் கொண்ட ஸ்டீரியோ ஒலியையும் அளிக்கிறது. அவ்வொலியில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 10.6 மெகாபைட், அக்காலத்தில் விளையாட்டை அடக்கி விற்ற மிகப்பெரிய கார்ட்ரிட்ஜோ 6 மெகாபைட்தான் என்பதை எண்ணினால், எறும்பின் முதுகில் யானையை ஏற்றியதன் விகிதம் புலப்படும். எமுலேட்டருக்குள் மட்டும் உயிர்வாழ்ந்த இக்கற்பனை, எஸ்.டி.டூ-ஸ்னெஸ் என்னும் நினைவட்டைக் கார்ட்ரிட்ஜ் தோன்றியபின் மெய்யான யந்திரத்திலும் குடியேறிற்று. கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலியை உள்வாங்கும் ஊசிகளை நிண்டெண்டோவே முதலிலிருந்து விட்டுவைத்திருந்ததால், யந்திரத்தைத் திறந்து ரணசிகிச்சை செய்யவேண்டிய அவசியம் நேரவில்லை.

இனி ஒட்டின் வேலைப்பாடு. ‘இன்ன எண்ணுள்ள பாட்டை வாசி’ என்று விளையாட்டு நிரல் ஒலிச்செயலிக்கு ஆணையிடும் இடத்தை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ஆணையை வழிமறித்து, கார்ட்ரிட்ஜின் வெற்றிடத்தில் புதிதாக எழுதிய நிரலுக்குத் திருப்பிவிட்டால், அது எம்.எஸ்.யூ-1 இருக்கிறதா என்று அதன் அடையாள எழுத்துகளைப் படித்துப் பார்த்து, இருப்பின் அதே எண்ணுள்ள ஒலிக்கோப்பை ஓடவிட்டு, பழைய இசையை மட்டும் ஊமையாக்கி, வெடிச்சத்தங்களைப் பழையபடி நடக்கவிடும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையின் அருமை பாட்டின் தொடக்கத்தில் இல்லை. அதன் விளிம்புகளில் இருக்கிறது. ஆட்டக்காரர் ஆட்டத்தை நிறுத்திவைத்தால் இசையும் நிற்கவேண்டும். கதவைத் திறந்தால் மெல்லத் தேய்ந்து மறையவேண்டும். சண்டை முடிந்து பழைய நிலத்துக்குத் திரும்பினால் விட்ட இடத்தில் தொடரவேண்டும். ஒலிக்கோப்பின் தலைப்பில் உள்ள எட்டு பைட்டுகளில் நான்கு, பாட்டு முடிந்தபின் எந்தக் கூறுக்குத் திரும்பவேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஆல்பங்களில் வரும் பதிவுகளோ பெரும்பாலும் தேய்ந்து முடிபவை. அவற்றை வெட்டி, வாலும் தலையும் பொருந்துமிடத்தைக் காதால் தேடி, ‘டிக்’ என்ற சத்தம் எழாமல் முடிச்சிடுவதில் ஓர் இரவு கழிந்துவிடும். நல்ல ஒட்டையும் அவசர ஒட்டையும் இந்த முடிச்சிலேயே இனங்காணலாம் என்பது என் துணிபு.

சில விளையாட்டுகள் இம்முயற்சிக்கு இணங்க மறுக்கின்றன. 1990-இல் வந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்டு’ விளையாட்டில், கதாநாயகன் யோஷி என்ற பிராணியின் மேல் ஏறிய கணமே ஓடிக்கொண்டிருக்கும் இசையோடு பாங்கோ மேளம் சேர்ந்துகொள்ளும், இறங்கினால் நின்றுவிடும். எட்டுக் குரல் சாதனத்துக்கு இது ஒரு குரலைத் திறந்து மூடும் வேலை. ஒன்றாகக் கலந்து பதிவான ஒலிக்கோப்பிலோ மேளத்தை மட்டும் தனியே பிரிக்க வழியில்லை. 1994-இல் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி’ ஆறாம் பாகத்தின் நாடக அரங்குக் காட்சியில், உவேமாட்சு மனிதக் குரலின் சாயலை மட்டுமே காட்ட முடிந்தது. அதற்கு எழுந்த ‘டான்ஸிங் மேட்’ என்னும் ஒட்டில் மெய்யான பாடகியின் குரலே ஒலிக்கிறது. ஆனால் திரையில் வரிகள் நகரும் வேகம் பழைய லயத்துக்கு அளந்து வைத்ததாகையால், பாடகி சற்றே நிதானித்தாலும் காட்சி ஒருபுறமும் கானம் ஒருபுறமுமாகிவிடும்.

தரவுக்கென விட்ட இடத்தைச் சலனப்படத்துக்கும் பயன்படுத்தலாம். 1985-இல் லேசர் தகட்டில் வந்த ‘ரோடு பிளாஸ்டர்’ என்ற ஆர்க்கேட் விளையாட்டு முழுவதையும் இவ்வழியே சூப்பர் நிண்டெண்டோவில் ஓடவைத்திருக்கிறார்கள். ‘குரோனோ டிரிக்கர்’ விளையாட்டின் ஒட்டு, 1999-இல் பிளேஸ்டேஷன் பதிப்புக்கென வரைந்த சித்திரக் காட்சிகளை 1995-ஆம் ஆண்டு மூலத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஒலிப்பதிவுகளின் பிறப்பிடம் பலவகை. அதிகாரபூர்வமான வாத்திய கோஷ்டிப் பதிவுகள் ஒருவகை. ரசிகர்கள் தாமே இசைத்தவை வேறொரு வகை. மூன்றாவது வகையே எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது. அன்றைய இசையமைப்பாளர்கள் எந்தெந்த மின்னிசைக் கருவிகளிலிருந்து தம் மாதிரிகளை எடுத்து நசுக்கினார்கள் என்று ஆராய்ந்து, நசுங்காத மூல ஒலிகளைக் கொண்டு அதே ஸ்வரக் குறிப்பை மீண்டும் இசைப்பது அது; ஏட்டுச்சுவடியில் செல்லரித்த எழுத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கு ஒப்பானது. முதல் வகையில் இரைச்சல் மிகுந்து, சிறு படத்தின் மேல் பெரிய கோபுரம் ஏறிக்கொண்டதுபோல் அமைவதும் உண்டு. குடிலின் சிறுமைக்கேற்ப எழுதப்பட்ட இசைக்கு அச்சிறுமையே அழகு என்று வாதிடுவோர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

சேகாவின் மெகா டிரைவுக்கும் எம்.எஸ்.யூ-எம்.டி. என்ற ஒப்புமையான ஏற்பாடு உண்டு. அங்கே கற்பனை உபகரணத்துக்குப் பதில் மெய்யான மெகா-சி.டி.யின் ஒலிப்பகுதியே வேலை செய்கிறது.

ஒட்டுக்கோப்பில் விளையாட்டின் மூலநிரல் இராது. மாறிய இடங்கள் மட்டுமே இருக்கும். நியர் வகுத்த பி.பி.எஸ். என்ற கோப்புவகை, ஒட்டப்படும் மூலப்பிரதி சரியான பிரதிதானா என்பதையும் சரிபார்த்துக்கொள்கிறது. ஒலிப்பதிவுகளின் உரிமையோ வேறு வழக்கு. அது இசைத்தவருக்கும் வெளியிட்டவருக்கும் உரியதாகையால், ஒட்டை மட்டும் வழங்கி இசையைத் தேடிக்கொள்ளும் பொறுப்பை ஆட்டக்காரரிடமே விட்டுவிடுவோரும் உளர். கவனமாக எழுதிய ஒட்டில் ஒரு பாட்டுக்குரிய கோப்பு காணாமற்போனால், எம்.எஸ்.யூ-1 அதனைத் தெரிவிக்கும். உடனே வழிமறித்த ஆணை பழைய ஒலிச்செயலிக்கே போய்ச் சேர, அந்த ஒரு பாட்டு மட்டும் 64 கிலோபைட்டுக்குள்ளிருந்து முன்போலவே ஒலிக்கும்.