உடல் வெப்பச் சீராக்கம்

சுற்றுப்புறம் எப்படி மாறினாலும் உடலின் உட்பகுதியை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிறுத்திவைக்கும் உடலியல் செயல். குளிரில் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளேயே தேக்கும். அது போதாதபோது தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். வெயிலில் அதே குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவரும். வியர்வை ஆவியாகி அதை வெளியேற்றும். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் வியர்வையைத் தவிர உடலுக்கு வேறு வழி கிடையாது. அந்த வழி எதுவரை கைகொடுக்கும் என்ற கேள்வியைச் சுற்றியே இத்துறை வளர்ந்தது.

உடல் சூட்டை அளவுகோல் வைத்து அளக்க முயன்ற முதல் மருத்துவர்களில் ஒருவர், இத்தாலியின் பதுவாவில் கற்பித்த சான்டோரியோ. தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் எடைபோட்டார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்று 1614இல் வெளியான நூலில் எழுதினார்.

அடுத்த பெரிய அடி லண்டனில் எடுத்துவைக்கப்பட்டது. 1774இல் மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் ஏற்பாடு செய்த சூடேற்றிய அறைக்குள் சார்லஸ் பிளாக்டன், ஜோசப் பேங்க்ஸ் முதலியோர் நுழைந்தனர். பின்னர் நடந்த சோதனையில் வெப்பம் 127 டிகிரி வரை சென்றது. அங்கே வைத்த முட்டை இருபது நிமிடங்களில் கெட்டியாக வெந்தது. துருத்தியால் காற்று வீசப்பட்ட மாட்டிறைச்சித் துண்டு 13 நிமிடங்களில் பக்குவமானது. அருகில் நின்ற மனிதர்களின் உடல் வெப்பமோ இயல்பை ஒட்டியே இருந்தது. சூடான தரை பாதத்தைச் சுட்டுவிடாதபடி கூடையில் வைத்து உள்ளே கொண்டுபோன நாயும் பிழைத்தது.

உயிருக்கே உரிய ஏதோ ஓர் ஆற்றல் வெப்பத்தை அழிக்கிறது என்று பிளாக்டன் நம்பினார். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. விடை அவர் செய்த இன்னொரு சோதனையிலேயே இருந்தது. அதே அறையில் இரண்டு மண்கலங்களில் தண்ணீர் வைத்தார். திறந்திருந்த நீர் எவ்வளவு நேரமானாலும் கொதிக்கவில்லை. மேற்பரப்பில் எண்ணெய் படரவிட்டதும் கொதித்தது. ஆவியாதலை எண்ணெய் தடுத்ததே காரணம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும் என்று இன்று கணக்கிடுகிறோம். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கருவிகளையும் நரம்புகளையும் கவனித்தது. முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினால் அந்தப் பக்கத்துக் காது சூடாவதை 1850களின் தொடக்கத்தில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் கண்டார். இரத்தக் குழாய்களை நரம்பு ஆள்கிறது என்பதற்கு இது சான்றானது. லைப்சிக் மருத்துவர் வுண்டர்லிக் 25,000 நோயாளிகளின் அளவீடுகளைக் கொண்டு 1868இல் 37 டிகிரியை இயல்பு என்று நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸே கட்டுப்பாட்டு மையம் என்பது தெளிவானது. மிளகாயின் காரத்தையும் சுடும் வெப்பத்தையும் ஒரே நரம்பு ஏற்பி உணர்கிறது என்று 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு காட்டியது. அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குளிருக்கு உடல் பழகும் விதத்துக்குத் தெளிவான சான்று கொரியாவின் கடலோரப் பெண்களிடம் கிடைத்தது. சிப்பியும் கடற்பாசியும் எடுக்க, பருத்தி உடையோடு குளிர்காலத்திலும் மூழ்கிய அவர்களுக்கு அந்தப் பருவத்தில் வளர்சிதை வேகம் கூடியது. மற்றவர்களைவிடக் குளிர்ந்த நீரில்தான் நடுக்கம் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் ரப்பர் நீச்சலுடை வந்தபின் சில ஆண்டுகளில் அந்தத் தாங்குதிறன் மறைந்தது. வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் போதும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும். ஆனால் புழுக்கத்தை வெல்ல இந்தப் பழக்கம் அதிகம் உதவாது.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஜே. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் உழைப்போரின் நலனை ஆராய்ந்த அவர், தாக்குப்பிடிக்க முடிவதைத் தீர்மானிப்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே என்று 1905இல் எழுதினார். அசையாத காற்றில் அது 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருக்கும் மனிதருக்கும் உடல் சூடு ஏறத் தொடங்கியது. நூறாண்டு கழித்து, 2010இல் ஷெர்வுட், ஹியூபர் இருவரும் இந்த ஈரக்குமிழ் அளவின் உச்ச வரம்பு 35 டிகிரி என்று கோட்பாட்டளவில் கணித்தார்கள். அந்த எண்ணே எங்கும் பரவியது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு சோதித்தபோது, புழுக்கமான சூழலில் வரம்பு சுமார் 31 டிகிரிதான் என்று தெரிந்தது. ஹால்டேன் சொன்ன எண் அது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் வரம்பு இன்னும் கீழே இருக்கும் என்பதால், 35ஐப் பாதுகாப்பு எல்லையாக எண்ணுவது ஆபத்தானது.

தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதற்கு முன்பே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்பளங்களிலும் வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் அளவெடுத்து வந்தார்கள். வெப்பத்தில் உழைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காவதை 800 பெண்களிடம் நடத்திய ஆய்வில் கண்டனர். வியர்க்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் அவர்களைத் தொடர்கின்றன.