பிசைந்த மாவில் ஓர் ஆமை

இரவு இரண்டு மணிக்குக் கணவர் எழுப்புகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, வாசலில் விருந்தாளியும் இல்லை. ஒரு கல்லில் பதிந்திருக்கும் கால்தடம் ஆமையுடையது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனைவி அடுக்களைக்குப் போய் மாவு பிசைகிறார். கணவர் தோட்டத்திலிருந்து ஆமையைத் தூக்கி வருகிறார். மேசையில் பரப்பிய மாவின்மேல் ஆமை நடக்கிறது. தடம் பொருந்துகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததாக அவர்கள் மகன் பின்னாளில் எழுதிய கதை இது. கணவர் வில்லியம் பக்லேண்ட். நிலவியல் ஆசிரியர், பாதிரியாரும்கூட. மனைவி மேரி, திருமணத்துக்கு முன்பே புதைபடிவங்களை வரைந்து பெயர் வாங்கியவர். 1824இல் பக்லேண்ட் அறிவித்த மெகலோசாரஸின் தாடையெலும்பை வரைந்தது அவர்தான்.

நான் தமிழ் சொல்லித்தருபவள். வகுப்பில் கடல்கோள் பற்றிப் பேசினால் யாராவது ஒரு மாணவி நோவாவின் வெள்ளத்தைக் கேட்பாள். அதைத் தேடிப் போய்த்தான் இந்த அடுக்களைக்குள் நுழைந்தேன்.

அக்கால ஆங்கில விவிலியங்களின் ஓரத்தில், படைப்பு நடந்தது கிமு 4004 என்று அச்சிட்டிருக்கும். பேராயர் அஷரின் கணக்கு. பக்லேண்டுக்கு அதில் நம்பிக்கையில்லை, பூமி மிகப் பழையது என்றே சொன்னார். ஆனால் உலகளாவிய வெள்ளம் உண்மை என்று 1823இல் ஒரு நூலே எழுதினார். யார்க்‌ஷயரின் கர்க்டேல் குகையில் கிடைத்த எலும்புகள் வெள்ளம் அடித்து வந்தவையல்ல, அங்கேயே வாழ்ந்த கழுதைப்புலிகள் கடித்து நொறுக்கியவை என்று கண்டுபிடித்தவர், அவற்றை மூடியிருந்த சேற்றை மட்டும் வெள்ளத்தின் கணக்கில் எழுதினார். 1836இல் அதையும் விட்டுக்கொடுத்தார். புத்தகம் முழுக்க வாதிட்டதை ஓர் அடிக்குறிப்பில் திரும்பப் பெற்றார்.

அந்த 1836 நூலை அவர் சொல்லச் சொல்ல, மாதக்கணக்கில் விடியவிடிய உட்கார்ந்து எழுதியவர் மேரி. ஆசிரியர் பெயர் ஒன்றுதான். இடையில் 1832இல், ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் கூடவிருந்தபோது, கூட்டம் அறிவியலுக்குப் பயன்படவேண்டுமானால் கட்டுரை வாசிப்புக்குப் பெண்கள் வரக்கூடாது என்று கடிதம் எழுதியவரும் இதே பக்லேண்ட்தான். மாவு பிசையலாம், கட்டுரை கேட்கக்கூடாது.

எனக்கு அந்தக் கால்தடங்கள்மேல்தான் கண். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ்ஷயர் மணற்கல்லில் கிடைத்த தடங்களைப் பற்றி ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் பக்லேண்டுக்குத் தெரிவித்தார். அவற்றுக்காகவும் ஆமைகள் மாவிலும் ஈர மணலிலும் களிமண்ணிலும் நடந்தன. ஆமை என்ற முடிவு பிற்பாடு தவறாகிவிட்டது. அந்த மணற்கல் 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாலைவன மணல்மேடு; நடந்தவை வேறு விலங்குகள்.

1961இல் விட்கோம்ப், மோரிஸ் என்ற இரு அமெரிக்கர்கள் பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்றும், புதைபடிவம் தாங்கிய அடுக்குகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஓராண்டு நீடித்த அந்த வெள்ளத்தில் படிந்தவை என்றும் எழுதினார்கள். இன்றும் அதை நம்புகிறவர்கள் உண்டு. இந்த மணல்மேட்டுக்குக் கீழேயும் மேலேயும் புதைபடிவப் பாறைகள் இருக்கின்றன. மலைகளெல்லாம் மூழ்கிக்கிடந்த ஆண்டின் நடுவில், காற்று குவித்த மணல்மேட்டில் எந்த விலங்கு நிதானமாக ஏறியிருக்கும்? தண்ணீர் கூடினால் மாவில்கூடத் தடம் நிற்காது. அதை மேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.